உப்பேறிய சுவரும் சுண்ணாம்புக் கொத்தும்: கீழக்கரை வீட்டில் வேலை செய்த ஒரு குழுவைப் பற்றி

பழைய கட்டடங்களைச் சுண்ணாம்பைக் கொண்டே பழுதுபார்க்கும் கொத்தனார் குழு ஒன்று, காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கீழக்கரையில் உள்ள எங்கள் குடும்ப வீட்டின் சுவர்களையும் மட்டப்பா எனப்படும் தட்டையான மொட்டை மாடித் தளத்தையும் சரிசெய்து கொடுத்தது. வேலை முடிந்த பிறகு ஒரு மழைக்காலமும், தென்மேற்குக் காற்று வீசும் ஒரு கச்சான் காலமும் கடந்துவிட்டதால், அவர்களுடைய வேலையைப் பற்றி இப்போது நிதானமாக எழுத முடிகிறது. தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம் ஆகிய ஊர்களில் இதே மாதிரியான வீடுகளை வைத்துக்கொண்டு இடிப்பதா, வைத்திருப்பதா என்று தடுமாறும் உறவினர்கள் பலர் விசாரித்துக்கொண்டே இருப்பதும் இதை எழுத ஒரு காரணம். அந்தக் குழுவுக்குப் பெயர்ப்பலகையோ அலுவலகமோ கிடையாது. ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லித்தான் வேலை வருகிறது. தம் பெயரையும் எண்ணையும் எழுத்தில் போட வேண்டாம் என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டார். ஆகவே, எந்த வேலைக்கு அவர்களை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வாப்பாவின் பாட்டனார் காலத்தில், இலங்கை வியாபாரத்தில் வந்த பணத்தைக் கொண்டு கட்டப்பட்ட வீடு அது. தெருவைப் பார்த்த திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தேக்கு உத்திரங்களின் மேல் அமைந்த மட்டப்பா என்று இந்தக் கரையோரத்துப் பெரிய வீடுகளுக்குரிய எல்லாம் அதில் உண்டு. சுவர்கள் இரண்டடிக்குக் குறையாத கனம் கொண்டவை. உள்ளே செங்கல்லும் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லும் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் பிடித்து நிறுத்தியிருப்பது அதே பவளக்கல்லையும் கிளிஞ்சலையும் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. எங்கள் ஊர்ப் பெரிய ஜும்மா பள்ளிவாசல், வள்ளல் சீதக்காதி பெயரோடு சேர்த்துப் பேசப்படும் 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், முழுக்கக் கருங்கல்லால் ஆனது. தூணும் உத்திரமும் கல்லாகவே இருப்பதால் கடற்காற்று அதை எளிதில் அசைக்கவில்லை. வீடுகளுக்கு அந்த வசதி இல்லை. அவற்றின் உயிர் சுண்ணாம்பில் இருக்கிறது, சுண்ணாம்புக்கு எதிரி உப்பு.

பவளக்கல்லை இன்று யாரும் புதிதாக எடுக்க முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-இல் அதை உள்ளடக்கிய பெரும் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ஒரு காலத்தில் வள்ளம் வள்ளமாக வந்து இறங்கிய கல் அது. பவளத்திட்டுகள்தாம் அலையின் வேகத்தைக் குறைத்து இந்தக் கரையைக் காக்கின்றன என்பதால், அந்தத் தடையில் எனக்குச் சிறிதும் மறுப்பு இல்லை. ஆனால் அதன் விளைவை வீட்டுக்காரர்கள் புரிந்துகொள்ள வேண்டும்: இந்த வகை வீட்டை ஒருமுறை இடித்துவிட்டால் அதே பொருளால் மறுபடி கட்டவே முடியாது, பழுதுபார்க்கும்போதும் விழுந்த கல்லைத் தூக்கி எறியாமல் திரும்பப் பயன்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். இந்தக் குழுவிடம் எனக்கு முதலில் பிடித்தது அந்த வழக்கம். பின்கட்டில் சரிந்த சுவரிலிருந்து வந்த ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, பழைய சாந்தைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அளவு வாரியாக அடுக்கிய பிறகே கட்டத் தொடங்கினார்கள். உடைந்த துண்டுகளைக்கூட இடைச்சந்து நிரப்புவதற்கு வைத்துக்கொண்டார்கள்.

வீடு கெட்டுப்போனதற்கு வயது காரணம் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், அடிச்சுவரில் பூச்சு உதிர்கிறது என்று உம்மா சொன்னதற்காக, அக்கம்பக்கத்து ஊர் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, நான்கடி உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு அடித்து, அதன் மேல் வழவழப்பான வண்ணமும் பூசிவிட்டுப் போனார். முதல் இரண்டு ஆண்டுகள் அது அழகாகவே இருந்தது. பிறகு நான்கடிக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சு பொரிய ஆரம்பித்தது. காரணம் எளிமையானது. கடலோர நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அந்த ஈரம் அடித்தளத்திலிருந்து சுவருக்குள் தானாகவே மேலேறுகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் அதன் நுண்துளைகள் வழியாக வெளியேறிக் காற்றில் காய்ந்துவிடும், உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் வேறு வழி தேடி இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. உப்பு பூச்சின் முதுகுப் பக்கத்தில் படிகமாக இறுகி, நாளடைவில் பூச்சைப் பலகை பலகையாகப் பெயர்த்துத் தள்ளுகிறது. பெயரும்போது பின்னால் இருக்கும் செங்கல்லின் முகத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. பாம்பன் பகுதிக் கடற்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று ரயில் பாலத்தைப் பார்த்து எல்லோரும் பேசுகிறோம். வீட்டுச் சுவருக்குள் நடப்பதைப் பேசுவதில்லை.

மேஸ்திரி முதல் தடவை வந்தபோது கூலி சொல்ல மறுத்துவிட்டார். சுவரைக் கொத்துக்கரண்டியின் பிடியால் தட்டிக்கொண்டே வீடு முழுக்க நடந்தார். உதிர்ந்த பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறாப்போல இருக்குமா என்று கேட்டார். மட்டப்பாவில் பெய்யும் மழை எந்த வழியாக இறங்குகிறது என்று ஏறிப் பார்த்தார். கொடைக்கானலில் பழைய பங்களாக்களில் வேலை செய்த காலத்தில் படிந்த பழக்கம் அது என்று பின்னால் சொன்னார். மலையில் சுவரைக் கெடுப்பது மழையும் பாசியும் என்பதால், அங்கே முதல் வேலை தண்ணீர் போகும் வழியைப் பார்ப்பதுதானாம். எங்கள் வீட்டைச் சுற்றி முடித்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"பாய், இது மேல என்ன பூசுனாலும் நிக்காது. இருக்கிற சிமெண்டை எடுத்துட்டு, உள்ள இருக்கிற உப்பை வெளிய வரவிடுவோம். அதுக்கப்புறம் கூலி பேசிக்கலாம்."

இந்த இடத்தில்தான் ஒரு நல்ல சுண்ணாம்புக் கொத்தனாரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய முடிகிறது என்பது என் கருத்து. இணையத்தில் செட்டிநாட்டுப் பூச்சு என்று தேடினால் கண்ணாடிபோல் முகம் தெரியும் சுவர்களின் படங்களே வந்து விழுகின்றன. வாடிக்கையாளர்களும் அந்தப் பளபளப்பைக் கேட்டே பணம் கொடுக்கிறார்கள். உள்நாட்டு ஊர்களில் அது நிற்கலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீட்டில், உப்பை இறக்காமல் போட்ட பளபளப்பு அதிக காலம் தாங்காது. இந்தக் குழு சிமெண்டுப் பூச்சைச் சுத்தியலும் உளியும் கொண்டு மெதுவாக எடுத்தது. இயந்திரம் வைத்து அதிரடித்தால் பவளக்கல் பொடிந்துவிடும் என்று மறுத்துவிட்டது. பிறகு வெறும் சுவரைக் காற்றாட விட்டு, பூத்த உப்பைத் தண்ணீர் தொடாமல் உலர்ந்த தூரிகையால் தள்ளி, அள்ளி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியது. மிக மோசமான இடங்களில், நல்ல தண்ணீரில் ஊறவைத்து அரைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, அது காய்ந்து உப்பை உறிஞ்சிய பின் உரித்து எடுத்தார்கள். அதையே மறுபடியும் செய்தார்கள். பார்ப்பவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. "சுவரை உரித்துப் போட்டுவிட்டு ஆட்களைக் காணவில்லையே" என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை. ஆனால் இன்று அடிச்சுவர் நிற்பதற்குக் காரணம் அந்தச் சும்மா கிடந்த நாட்கள்தாம்.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் காட்டிய பிடிவாதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைக்க ஒப்புக்கொள்ளவில்லை. உப்பை ஒரு பக்கம் எடுத்துவிட்டு மறுபக்கம் ஊற்றுவதா என்று கேட்டார்கள். குடிநீருக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எதிர்பார்த்து நிற்கும் மாவட்டத்தில், கட்டட வேலைக்கு நல்ல தண்ணீர் என்பது சிறிய செலவு இல்லை. டேங்கர் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த பணம் என் கணக்கில் தனியாக ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. மணலும் அப்படியே: கடற்கரை மணலைத் தொடவே இல்லை, வந்த மணலையும் சலித்து, அலசி, காயவைத்த பிறகே கலந்தார்கள்.

சுண்ணாம்பைப் பதப்படுத்தும் முறை பலருக்குத் தெரிந்ததாக இருந்தாலும், கடைப்பிடிப்பவர்கள் குறைவு. சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்ட கிளிஞ்சல், தண்ணீர் பட்டதும் கொதித்து நீறுகிறது. அந்த நீற்றைச் சலித்துத் தொட்டியில் தண்ணீருக்குள்ளேயே ஊறவிட வேண்டும். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்கு அது வெண்ணெய்போல் மிருதுவாகும். சாக்கில் வரும் சுண்ணாம்புத் தூளை அன்றே குழைத்து அன்றே பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். நீறாத துகள் சுவருக்குள் போன பிறகு நீறி வீங்கி, பூச்சில் அம்மைத் தழும்புபோல் குழி விழுவது அதனால்தான். இந்தக் குழு முற்றத்திலேயே தொட்டி வெட்டி, சிமெண்டை எடுக்கத் தொடங்கிய அன்றே சுண்ணாம்பையும் ஊறப்போட்டுவிட்டது. கடுக்காயையும் கருப்பட்டியையும் தனித்தனிப் பானைகளில் ஊறவைத்து, புளித்த தண்ணீரை வடித்துச் சாந்தில் சேர்த்தார்கள். கருப்பட்டிக்கு மட்டும் நாங்கள் வெளியூரைத் தேட வேண்டியிருக்கவில்லை. பனைக்கு இராமநாதபுரம் மாவட்டத்தைவிட வேறு எங்கே போவது? கடையில் விற்கும் கருப்பட்டியில் சீனி கலப்பு உண்டு என்று சொல்லி, மேஸ்திரி சாயல்குடிப் பக்கம் தாமே போய் வாங்கி வந்தார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெருகுப் பூச்சை வரவேற்புக் கூடத்தின் மேல்பாதியில் மட்டுமே செய்தார்கள். ஈரம் ஏறும் அடிச்சுவருக்கு அது ஆகாது என்றார்கள். அங்கே கரடான, மெருகிடாத பூச்சுதான். உம்மாவுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. உப்பு வந்து அந்தப் பூச்சைத் தின்றாலும் சுவர் பிழைக்கும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த அடிப்பகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று மேஸ்திரி பொறுமையாக விளக்கிய பிறகே சமாதானம் ஆனார்.

பூசிய பின் காக்கும் வேலையிலும் அவர்கள் கெட்டி. சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது; அதற்கு ஈரம் வேண்டும், நேரமும் வேண்டும். கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் இந்தக் கரையில் ஈரத்துணி கண்முன்னே காயும். பூச்சும் அதே வேகத்தில் காய்ந்து விரிசல் விடும். அவர்கள் தென்மேற்குப் பக்கத்துச் சுவர்களுக்கு முன்னால் கம்பு நட்டு, சாக்குப் படுதா கட்டி, அதை நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருந்தார்கள். மாலையில் நனைக்கும் பொறுப்பு வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தது.

மட்டப்பா வேலையை நான் இதைவிட உயர்வாக மதிப்பிடுகிறேன். தேக்கு உத்திரங்களுக்கு மேல் சிறு கட்டைகள் பரப்பி, அவற்றின் மேல் சிறிய செங்கற்களை நிமிர்த்தி வைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதிக்கும் முறை அது. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். எங்கள் மட்டப்பா ஒரு மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது. பார்க்க வந்த மற்ற எல்லோரும் அதை முழுவதுமாக இடித்துக் கான்கிரீட் தளம் போடுவதற்கே விலை சொன்னார்கள். கடற்காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கித் தளத்தைப் பிளப்பதை, எங்கள் தெருவிலேயே எங்கள் வீட்டைவிட மிக இளைய வீடுகளில் பார்க்கலாம். இந்தக் குழு ஒழுகும் மூலையை மட்டும் வெட்டி எடுத்து, கெட்டுப்போன உத்திரத்தை மாற்றி, பழைய முறையிலேயே செங்கல் ஒட்டி முடித்தது. ஜல்லியை அடித்து இறுக்குவதற்குப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து, கட்டையால் தட்டிக்கொண்டே நகர்ந்தார்கள். அந்த வேலையில் பாதிக்கு மேல் அவர்களுடைய கையில்தான் இருக்கிறது. கூலியில் மட்டும் அவர்களுக்குக் கொத்தனாரின் பாதிகூட இல்லை என்பதை நான் மேஸ்திரியிடம் நேரடியாகவே கேட்டேன். எல்லா இடத்திலும் அதுதான் நடைமுறை என்றார். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஐப்பசி மழையில் அந்த மூலை ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

மாற்றிய உத்திரம் காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடையிலிருந்து வந்தது. அதாவது, எங்கள் வீடு நிற்பதற்காக வேறொரு வீடு இடிந்திருக்கிறது. இது ஒன்றும் புதிதில்லை. உதகமண்டலத்தில் 1831-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட தூய ஸ்டீபன் தேவாலயத்தின் பெரிய உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டினத்துத் திப்பு சுல்தான் அரண்மனையை இடித்து எடுத்து மலையேற்றப்பட்டவைதான். இருந்தாலும் விலை பேசும்போது மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

இனிக் குறைகள். தச்சு வேலையை இவர்களிடம் ஒப்படைக்காதீர்கள். உடன் வந்த தச்சர் முகப்புக் கதவின் அடிச்சட்டத்தை மாற்றும்போது, பழைய இழைப்பு வேலைப்பாட்டின் ஓரத்தைச் சீவிவிட்டு, அதை மறைக்க வார்னிஷைக் கெட்டியாகப் பூசிவிட்டார். சொன்ன பிறகும் சரிசெய்யவில்லை. மின்கம்பி விஷயத்திலும் அவர்களுக்கு முன்யோசனை கிடையாது. எங்கெங்கே குழாய் பதிக்க வேண்டும் என்று பூசுவதற்கு முன்பே கேட்டிருந்தால், முடிந்த பூச்சை மின்வேலைக்காரர் வந்து வெட்டியிருக்க வேண்டியதில்லை. வெட்டிய இடத்தை அவர் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனது தனிக் கதை. எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை. தொடக்கத்தில் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியவர்கள், உப்பு இறக்கும் வேலை நீண்டதும் நாள் கூலிக்கு மாறிவிட்டார்கள். அது நியாயமாகவே இருந்தாலும், முன்பே சொல்லியிருக்க வேண்டும். நடுவில் ஊர்த் திருவிழா என்று போனவர்கள் சொன்ன நாளில் திரும்பவில்லை. எந்தச் சுவரில் எந்தக் கலவையைப் பயன்படுத்தினார்கள் என்ற குறிப்பு எதையும் அவர்கள் வைத்துக்கொள்வதில்லை. நான் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருக்கும் நோட்டுதான் இப்போது இருக்கும் ஒரே பதிவு. மொத்தச் செலவு சிமெண்டு வேலையைவிடக் கணிசமாகக் கூடுதல். அவசரமாகக் கல்யாணத்துக்குள் வீட்டைத் தயார்படுத்த வேண்டியவர்கள் இவர்களைக் கூப்பிட்டு மனக்கசப்பு அடைய வேண்டாம்.

இராமநாதபுரம் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்கு, சுண்ணாம்புப் பூச்சு எதையெல்லாம் தாங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிழவன் சேதுபதி எழுப்பிய அந்த மண்டபத்தின் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்து ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. அது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பின் நிற்கும் தேவாலயச் சுவரில், பூச்சு போன பிறகு பவளக்கல் வெளியே தெரிவதையும் பார்க்கலாம். பூச்சை இழந்த கல்லைக் காற்று எப்படி அரிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எங்களைப் போன்றவர்களின் வீடுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டம் அறிவிக்கை செய்யப்பட்ட சின்னங்களுக்கே பொருந்தும். தெருவில் நிற்கும் திண்ணை வீட்டை இடிக்க அந்தச் சட்டத்தில் உரிமையாளருக்குத் தடை எதுவும் இல்லை, வைத்துக்கொள்ள உதவியும் இல்லை. பங்காளிகள் கொழும்பிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்க, யாராவது ஒருவர் பிடிவாதம் பிடித்தால்தான் வீடு பிழைக்கிறது. அப்படிப் பிடிவாதம் பிடிப்பவருக்குக் கிடைக்கும் ஒரே துணை இந்த மாதிரிக் குழுக்கள்தாம் என்பதால்தான், குறைகளை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அழைக்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்த பிறகு தொடங்குவது நல்லது. ஈரச் சுவர் காயவும், உப்பு வெளிவரவும், ஐப்பசிக்குள் மட்டப்பா இறுகவும் நேரம் கிடைக்கும். அவர்கள் வருவதற்கு முன்பே மழைநீர்க் குழாயையும் குளியலறைக் கசிவையும் சரிசெய்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் அவர்கள் சுவரைத் தொடமாட்டார்கள், அந்த நாட்களுக்கும் கூலி ஓடும். மின்வேலை வரைபடத்தை முன்பே கொடுத்துவிடுங்கள். முன்பணமாகப் பொருள் செலவை மட்டும் கொடுங்கள். உப்பு இறக்கும் வேலைக்கு நாள் கூலி, பூச்சுக்குச் சதுர அடிக் கணக்கு என்று இரண்டையும் பிரித்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கையெழுத்துப் போடுகிறார்கள். கட்டை அடிக்கும் பெண்களின் கூலியையும் அதே தாளில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கிணற்றடிச் சுவரும் பின்கட்டு அடுக்களையும் இன்னும் பாக்கி இருக்கின்றன. வரும் மாசியில் அதற்கும் இவர்களையே வரச் சொல்லியிருக்கிறேன். கதவு, ஜன்னல் வேலைக்கு வேறு தச்சரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.